மச்சினனும் ஆளுயர வயலினும்

"என் தம்பியைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லித்தான் என் மனைவி பிலோமினா என்னை சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏற்றினாள். பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. அவள் தம்பி ஆரோக்கியராஜ் பாட்டுக்காரன். சேலத்தில் அவன் பாடுவதைக் கேட்டு, ஒரு கேசட்டில் பிடித்து, பத்திரமாகக் கொண்டுவருவதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

சிங்கப்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை தோறும் பழைய அமெரிக்கப் பாட்டுக் கச்சேரி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எண்பதுகள் பிறந்த நேரம் அது. எங்கே பார்த்தாலும் வாலிபர்கள் திடீரென்று தலைமுடியை எண்ணெய் வைத்துத் தூக்கிச் சீவிக்கொண்டு, அப்பன் காலத்துப் பாட்டைத் தேடிப் பிடித்துப் பாடினார்கள். ஓட்டல் மேனேஜர் திரு லிம் எனக்குத் தெரிந்தவர். மச்சினனைப் பற்றிச் சொன்னபோது அவர் கறாராக ஒன்று சொன்னார்: "குரல் எல்லோருக்கும்தான் இருக்கிறது. அவன் பாடும்போது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும். எழுந்திருக்கிறார்களா, கத்துகிறார்களா? அந்தச் சத்தத்தைக் கொண்டுவா. ஆறு மாதம் மேடை தருகிறேன்."

துறைமுகக் கிடங்கில் எனக்குக் கிடைத்த லீவு ஒரு வாரம். தோளில் செங்கல் கனத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டர், பெட்டி நிறைய பேட்டரி. சித்திரை வெயிலில் சேலத்தில் இறங்கினேன்.

மச்சினன் குடியிருந்தது ஏற்காடு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் எனக்கு வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு. முன்முடி வாழைப்பூ மாதிரி நெற்றிக்கு மேல் நிமிர்ந்து நின்றது. வயது முப்பத்தாறு. எதிர்க் கடையில் பீடி வாங்க வந்தவர்கள் ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிப்போயிருந்தார்கள்.

"வாங்க மாமா. நீங்க வர்றதுக்குள்ள ஒரு புதுப் பாட்டு கட்டிட்டேன்" என்றான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லாதான் மோர் கொடுத்தாள்.

அவன் வாழ்க்கையை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. என் மாமனார் ரயில்வேயில் பிட்டராக இருந்தவர். சேலம் ஜங்ஷன் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடுகள் எல்லாம் ஆங்கிலோ இந்தியர்கள். அவர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். கிளம்புகிறவர்கள் கட்டிலை விற்றார்கள், நாற்காலியை விற்றார்கள். வாங்க ஆளில்லாத இசைத்தட்டுகளை அடுத்த வீட்டுப் பையனுக்குச் சும்மா கொடுத்தார்கள். ஆரோக்கியராஜ் ராக்கி ராஜ் ஆனது அப்படித்தான். அவர்களை வழியனுப்பும் டான்ஸ்களில் அவன்தான் பாடினான். வழியனுப்பி வழியனுப்பியே, கேட்க ஆளில்லாமல் போய்விட்டான்.

அவன் பாடும் பாட்டுக்கு ராக்கபில்லி என்று பெயர். ஒரு கித்தார், ஆளுயரத்துக்கு வயலின் மாதிரி ஒரு பேஸ், ஒரு குரல், அவ்வளவுதான்; கித்தாரும் குரலும் அவனே. டிரம்ஸ் கிடையாது. பேஸ் வாசிப்பவர் தந்தியை இழுத்து மரத்தோடு அறைகிற சத்தமே தாளம். பாடுகிறவன் விக்கல் எடுத்தவன் போல வார்த்தைகளை வெட்டி வெட்டிப் பாடுவான். நடுவில் வாத்தியங்கள் சட்டென்று நின்றுவிடும். அவன் மட்டும் தனியாக ஒரு வரி பாடுவான். மறுபடி வாத்தியம் பாயும்.

எழுபதுகளில் ஊரெல்லாம் சினிமாப் பாட்டு மெல்லிசைக் குழுக்கள் முளைத்தபோது, இவன் மட்டும் அமெரிக்காக்காரனே மறந்துபோன இந்தப் பாட்டுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று கிளம்பினான். ஏற்காட்டு ஓட்டல்களில் சீசனுக்குச் சீசன் பாடினான். பெங்களூர் போனான், டிஸ்கோ பாடு, இதை நிறுத்து என்றார்கள், திரும்பி வந்துவிட்டான். நிறுத்து என்று அவன் அப்பா சொன்னார். பங்குச் சாமியார் சொன்னார். பிலோமினாவைத் தவிர என் மாமனார் வீட்டில் அவனிடம் நிறுத்து என்று சொல்லாத ஆளே கிடையாது. நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

இந்தத் தடவை ஒரு கெடு இருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா பள்ளிபாளையம் காகித ஆலையில் வேலை பார்ப்பவர். மருமகனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தார். ஒன்றாந்தேதி சேர வேண்டும். சிங்கப்பூர் கிடைத்தால் பாட்டு; கிடைக்காவிட்டால் கேட் வாசலில் காக்கிச் சட்டை.

ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினாள். "அண்ணே, எனக்குப் பாட்டும் வேணும், சோறும் வேணும். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இவரு பத்து வருசமா என்னை நடுவுல தொங்கவிட்டிருக்காரு. நீங்களும் தொங்கவிட்றாதீங்க" என்றாள்.

*

முதல் கச்சேரி வாழப்பாடிப் பக்கம், மாதா கோயில் திருவிழாவில். பேஸ் வாசிக்கும் முத்துசாமி காலையிலேயே வந்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பிழைப்பு போர்வெல் ரிக்கில். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைக்கிறவர். மச்சினன் தெருவில் போர் போட வந்தவர், ஏற்காட்டு கிளப் ஒன்று மூடியபோது அவன் வாங்கி வந்து வாசிக்க ஆளில்லாமல் சாத்தி வைத்திருந்த பேஸைப் பார்த்து, ஓங்கி ஓர் அறை விட்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த கூட்டு. உள்ளங்கை ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவு.

"ஏனுங்க, சிங்கப்பூருல பூமி கெட்டிங்களா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அங்கே யாரும் போர் போடுவதில்லை, குழாயில் தண்ணீர் வரும் என்றேன். "அப்ப நம்ம தொழிலு அங்க ஆகாதுங்க" என்று பேஸின் கழுத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் சண்டை ஆரம்பித்தது. எங்கள் சிங்கப்பூரில் வரிசையில் நின்றால் பஸ் தானாக வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும். இங்கே பஸ்ஸை நாம் பிடிக்க வேண்டும், அதுவும் ஓர் ஆளுயர மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு. கண்டக்டர் படியில் நின்று வழி மறித்தார்.

"என்னாய்யா இது? உள்ள ஆளு கீளு இருக்கா?"

"வயலினுங்க" என்றார் முத்துசாமி.

"வயலினு இத்தனாம் பெருசா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு? மேல ஏத்து, மேல ஏத்து!"

மேலே வாழைத்தார்களுக்கும் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவே பேஸைக் கட்டினோம். வழியெல்லாம் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை. வாழப்பாடியில் இறங்கி, தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் சட்னியும் வைத்த செட்டை ஆளுக்கொரு தட்டு வாங்கினோம். இரண்டாவது வாய் வைத்தபோதுதான் மூவருக்கும் ஞாபகம் வந்தது. பேஸ் பஸ் கூரையிலேயே இருந்தது. பஸ் ஆத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். மச்சினன் சீப்பை எடுத்து முடியைச் சரிசெய்தான். முத்துசாமி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். "திலும்பி வருமுங்க. ஆத்தூருக்குப் போயி அதென்ன பண்ணப் போவுது?" என்றார்.

வந்தது. அதே பஸ், அதே கண்டக்டர். பேஸின் மேல் யாரோ ஈரத்துண்டை உலர்த்தியிருந்தார்கள். ஆனால் அதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, கடைசியாக மூன்றே பாட்டு என்று சொல்லிவிட்டார்கள். முதல் பாட்டின் நடுவில், வாத்தியங்கள் நின்று ராக்கி தனியாகப் பாட வேண்டிய அந்த இடத்தில், மைக் செட்காரர் கச்சேரி முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். "சிவப்புக் கவுன் போட்ட ரெண்டு வயசுப் பொம்பளப் புள்ள மேடைக்குப் பின்னாடி அழுதுக்கினு இருக்குது, பெத்தவங்க உடனே வரவும்" என்று அறிவித்தார். கூட்டம் எழுந்தது. பாட்டுக்காக அல்ல, பிள்ளையைப் பார்க்க. டேப்பைப் போட்டுக் கேட்டால், அந்தப் பிள்ளையின் அழுகை அத்தனை துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

"சுருதி சேர்ந்துதான் அழுதிருக்கு மாமா" என்றான் ராக்கி ராஜ்.

*

இரண்டாவது கச்சேரி பள்ளிபாளையத்தில். ஸ்டெல்லாவின் அப்பா ஞானப்பிரகாசம், தொழிலாளர்கள் கூடும் கொட்டகை ஒன்றில் ஏற்பாடு செய்திருந்தார். ஸ்டெல்லாவும் எங்களோடு கிளம்பினாள். அவளே பஸ் கூரையில் பேஸை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கினாள். இருப்பது ஒரே பேஸ், இருந்தும் எண்ணினாள். அவள்மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான்.

காவிரிக் கரையில் சாயம் தோய்த்த நூல் சிவப்பும் பச்சையுமாகக் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஞானப்பிரகாசம் வீட்டில் கோழி. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, தேங்காய்ச் சில்லும் கிள்ளிப்போட்ட காய்ந்த மிளகாயுமாக வறுத்தது. மிளகாய் எது, கோழி எது என்று பிரித்துப் பார்த்துச் சாப்பிடுவதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த வாரம் முழுவதிலும் நான் குறை சொல்ல முடியாத விஷயம் அது ஒன்றுதான்.

ஞானப்பிரகாசம் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. மருமகனைத் தலைநிமிர்த்த வேண்டும் என்று மேடையேறியவர், அவன் ஞானஸ்நானத்திலிருந்து ஆரம்பித்தார். கதை பெங்களூருக்கு வருவதற்குள் எனக்குக் கழுத்து நோவெடுத்தது. ஒருவழியாக மைக்கை விட்டார். ராக்கி எடுத்த எடுப்பிலேயே கூட்டம் தலையாட்ட ஆரம்பித்தது. நான்கைந்து பேர் விசிலடித்தார்கள். நான் டேப் ரிக்கார்டரை உயர்த்திப் பிடித்தேன். வாத்தியங்கள் நின்றன. ராக்கி மூச்சை இழுத்தான்.

ஆலைச் சங்கு ஊதியது.

அடுத்த ஷிப்டு. கொட்டகை மொத்தமும் எழுந்தது. எழுந்திருக்கிறார்களா என்று கேட்டார் அல்லவா லிம்? எழுந்தார்கள். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "பாட்டு சோக்கா இருந்துச்சுங்க, வாரேனுங்க" என்று ஒருவர் மட்டும் நின்று சொல்லிவிட்டு ஓடினார். காலி பெஞ்சுகளுக்கு நடுவில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, புருஷன் பாட்டு முடியும்வரை ஜைவ் என்கிற ஜோடி ஆட்டத்தைத் தனியாக ஆடினாள். கல்யாணமான புதிதில் புருஷனோடு போன ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ்களில் கற்றுக்கொண்டது. வெகு அழகாக ஆடினாள். ஆனால் டேப்பில் ஆட்டம் எப்படிப் பதிவாகும்?

அன்று மாலை ஞானப்பிரகாசம் மருமகனின் தோளை அளந்து பார்ப்பதை நான் பார்த்தேன். காக்கிச் சட்டைக்கு. ராக்கி கையை அகட்டி அசையாமல் நின்றான். அவன் வாயிலிருந்து ஒரு நக்கல் பேச்சும் வராத நேரம் அந்த ஒன்றுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக அவன்மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

*

மிச்சம் இருந்தது ஒரே கச்சேரி. முத்துசாமியின் சித்தப்பா மகளுக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கல்யாணம். அதற்கு அடுத்த நாள் நான் மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். ஸ்டெல்லா அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள். பெட்டி நிறையக் கொண்டுவந்த பேட்டரி வெயிலில் ஒழுகிப்போய், எனக்கும் கடைசி செட்தான் மிச்சம். இங்கே கடையில் கிடைத்தவை எல்லாம் அரைமணியில் அழுகிற பேட்டரிகள்.

பேஸ் அடிபடாமல் போக வேண்டும் என்று முத்துசாமி தெரிந்தவர் லாரி ஒன்றைப் பிடித்தார். நாமக்கல்லுக்குத் திரும்பும் முட்டை லாரி. கொடுத்தது போக மீந்த முட்டை அட்டைகள் பின்னால் அடுக்கியிருந்தன. டிரைவர் பேஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, அது சாஞ்சா என் மொட்டு அத்தனையும் ஒடஞ்சு போச்சுங்க. நீங்க பொறத்தால ஏறி அதைக் கட்டிப் புடிச்சுக்கோணும். என்னங்க, சரிங்களா?"

ஏன் நான்? முத்துசாமி வழி காட்ட வேண்டுமாம். ராக்கி ராஜின் கோட்டு கசங்குமாம். ஆக, துறைமுகத்தில் பதினைந்து வருஷம் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்த நான், மச்சினனின் பேஸை மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, முட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொங்கு நாட்டைக் கடந்தேன். இருபுறமும் உழுது போட்ட செம்மண் காடு, பனைமரம், தூரத்தில் திருச்செங்கோட்டு மலை. நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பேஸ் என் காதருகே 'ம்ம்' என்று முனகியது. ஒரு முட்டை உடைந்தது. அது என் மடியில்தான் உடைந்தது.

கல்யாண வீட்டில் தென்னங்கீற்றுப் பந்தல். முகூர்த்தம் மறுநாள் விடிகாலை. "ஒரம்பரைக, சொந்தபந்தம் எல்லாம் வந்திருக்குதுங்க, சித்த உள்ள வாங்க சாமி" என்று பெண்ணின் அப்பா என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். நான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் ஐந்து பேர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். இடியாப்பம் மாதிரிச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் இலையில் விழுந்துகொண்டே இருந்தன. போதும் என்று கையை நீட்டினால் கையை ஒதுக்கிவிட்டு ஊற்றுகிறார்கள்.

இவர்கள் கல்யாணத்துக்கு ஐயர் கிடையாது. அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் நடத்திவைக்கிறார். அதில் ஒரு கட்டம் வந்தது. ஒருவர் எழுந்து மணமக்களுக்கு வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். அவர் தனியாக ஒரு வரி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் மேளக்காரர் தவிலில் 'டம்' என்று ஒரே ஓர் அடி போடுவார். அடுத்த வரி, 'டம்'. அதுவரை சந்தைக்கடையாக இருந்த பந்தலில் அப்போது ஒரு குழந்தையின் முனகல்கூட இல்லை. வாழ்த்து முடிகிறவரை எழக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டிச் சைகை காட்டினார். நல்ல பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தாலி ஏறியது. பந்தியில் இலை போடும் வரை அரைமணி இருந்தது. அந்த நேரம்தான் எங்களுக்கு. பந்தலில் மறுபடியும் ஒரே இரைச்சல்; இளவட்டங்கள் கித்தாரைப் பார்த்ததும் ஊய் என்று கத்தினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. லிம் கேட்ட சத்தம் இதுதான். டேப்பை ஓடவிட்டேன்.

ராக்கி தன் புதுப் பாட்டை எடுத்தான். ஜங்ஷனில் நின்று ரயிலை வழியனுப்புகிறவனின் பாட்டு. முத்துசாமி தந்தியை அறைந்த அறையில் பந்தல் கம்பே அதிர்ந்தது. இளவட்டங்கள் எழுந்துவிட்டார்கள். அப்போது வாத்தியங்கள் நின்றன. ராக்கி தனியாகப் பாடினான்:

"போற வண்டி போகட்டும்..."

'டம்.'

மேளக்காரர். தவிலை இன்னும் கழற்றாமல் பந்தல் காலோரம் உட்கார்ந்திருந்தவர். ஒருவன் தனியாக ஒரு வரி பாடி நிறுத்தினால் அந்த இடத்தில் அடி விழாமல் இருக்கலாமா? அவர் கை அவர் கடமையைச் செய்தது.

"கையாட்ட நானிருக்கேன்..."

'டம்.'

அவ்வளவுதான். பந்தல் மொத்தமும் இதுவும் வாழ்த்து என்று முடிவு கட்டிவிட்டது. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பாடும் வாழ்த்து போலிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எழுந்த இளவட்டங்களைப் பெரியவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பெண்கள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். அருமைக்காரர் கைகட்டி நின்றார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பந்தலில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. என் கேசட்டில், சிங்கப்பூர் ஓட்டலுக்குப் போக வேண்டிய என் கேசட்டில், ஜனங்களின் சத்தம் என்று ஒன்றுமே பதிவாகவில்லை. மௌனம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியும்தான்.

"போற ஊரு நல்லூரா..."

'டம்.'

ஆத்தூர் போன பேஸ், சிவப்புக் கவுன் பிள்ளை, ஆலைச் சங்கு, மடியில் உடைந்த முட்டை, பதினேழு வருஷமாக மாமனார் வீட்டில் நான் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. மேளக்காரரைப் பார்த்தா, மச்சினனைப் பார்த்தா என்று எனக்கே தெரியாது, எழுந்து நின்று கத்தினேன்:

"யோவ்! நிறுத்துய்யா!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. வாழ்த்து நடக்கும்போது ஒருவன் எழுந்து நிறுத்து என்று கத்தினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "கண்ணால ஊட்டுல என்ன பேச்சுங்க இது!" என்று பல்லைக் கடித்தார்.

ராக்கி ராஜ் நிறுத்தவில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான். அடுத்த வரியைப் பாடிவிட்டு, தவிலடி விழுவதற்காகக் காத்திருந்தான். விழுந்தது. அதன் மேல் முத்துசாமி ஓர் அறை அறைந்தார். மேளக்காரர் தலையை நிமிர்த்திப் பதில் அடித்தார். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அருமைக்காரர் ஒரு பிடி அரிசியை எடுத்து மணமக்கள் மேல் தூவி, மீந்ததை ராக்கியின் தூக்கிச் சீவிய தலையிலும் தூவினார்.

"நல்லா வாழ்த்துனீங்க சாமி" என்றார். அதற்குள் பேட்டரி செத்துவிட்டது.

சேலம் வரை செத்த டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ராக்கி முடியிலிருந்து அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே வந்தான். ஸ்டேஷனில் என் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் நான் சரியாப் பாடினேன். அந்த லிம் வேணாம்னு சொன்னா மழுப்பாம தந்தி குடுத்துருங்க. காக்கி தைக்கத் துணி குடுக்கணும்" என்றான். வண்டி நகர்ந்தது. அவன் கையாட்டினான். தான் கட்டின பாட்டில் வருகிறவன் மாதிரியே நின்றான்.

*

வீட்டில் பிலோமினா டேப்பைப் போட்டுக் கேட்டாள். தம்பி பாடியபோது கண்ணைத் துடைத்தாள். என் குரல் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று இரவு சாப்பாடு மேஜையில் இருந்தது, அவள் இல்லை.

திரு லிம் தன் அறையில் வைத்துக் கேட்டார். முதல் நிமிஷம் காலால் தாளம் போட்டார். தவில் விழுந்ததும் கால் நின்றது. பிறகு டேப்பில் ஜனங்களின் மௌனம். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. தந்தியில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கத்தல் வந்தது. லிம் துள்ளி விழுந்தார். டேப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். மறுபடியும்.

"யார் இந்த மனிதன்?" என்று கேட்டார். கேசட்டில் என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "கோபக்காரன் மாதிரி இருக்கிறதே. என்ன சொல்லிக் கத்துகிறான்?"

துறைமுகத்தில் நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. எனக்கு ஜன்னல் கம்பியும் அரிசி ஒட்டிய தலையும்தான் கண்ணில் நின்றன.

"நிறுத்தாதே என்று கத்துகிறான்" என்றேன். "கோபம் இல்லை. எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிடித்துப் போனால் இப்படித்தான் நிலைகொள்ளாமல் எழுந்து கத்துவார்கள். மற்றவர்கள் அழுவார்கள். கேளுங்கள், பின்னால் அழுகிற சத்தம் கேட்கும்."

கேட்டார். கேட்டது. லிம் கேசட்டை வெளியே எடுத்துத் தன் மேஜை டிராயரில் வைத்தார். பிறகு, "ஒரு மனிதனை இப்படிக் கத்தவைக்கிறவன் எனக்கு வேண்டும்" என்றார்.

ராக்கி ராஜ் வந்தான். முத்துசாமி ரிக் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வந்தார். பேஸ் வந்தது, ஸ்டெல்லா பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. எங்கள் இரண்டு அறை வீட்டில் ஆறு மாதம் நான் பேஸைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டியிருந்தது.

முதல் சனிக்கிழமை லிம் என்னையும் பிலோமினாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். பாட்டு ரொம்பப் பிடித்துப் போனால் தமிழர்கள் எழுந்து நின்று கத்துவார்கள் என்று மைக்கில் வேறு சொல்லிவைத்தார். ரயில் பாட்டில் வாத்தியங்கள் நின்றன. ராக்கி ஒரு வரி பாடினான். பாடிவிட்டு, பழக்க தோஷத்தில், தவிலடிக்காகக் காத்திருந்தான். அங்கே ஏது தவில்? அரங்கம் முழுதும் மௌனம். அவனுக்கு முகம் வெளுத்தது. லிம் திரும்பிப் பார்த்தார். மச்சினன் மேடையிலிருந்து என்னையே பார்த்தான். பிலோமினா என் விலாவில் இடித்தாள்.

நான் எழுந்து நின்றேன். என் தொண்டையில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்து, "யோவ்! நிறுத்துய்யா!" என்று கத்தினேன்.

அரங்கம் கைதட்டி எழுந்தது. அடுத்த வரிக்கு ஒரு சீனக் கிழவர் கத்தினார், "நிருத்தையா!" அதற்கடுத்த வரிக்கு மேஜை மேஜையாகக் கத்தினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆறு மாதமும், அரங்கம் நிறைய ஜனங்கள் எழுந்து நின்று என் மச்சினனை நிறுத்தச் சொன்னார்கள்.

அவன் நிறுத்தவே இல்லை.